வாத்துக்காரன் பேரில் பதினேழு நிமிஷம்

இப்படிக் கிட்ட வந்து உக்காருங்க தாயி. அந்தக் கோடியில வெயில் ஏறிடும், இன்னும் கொஞ்ச நேரத்துல பெஞ்சு தோசைக்கல்லு மாதிரி காயும். பையை நடுவுல வைங்க, யாரும் தூக்க மாட்டாங்க. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன், எனக்கு என் பையைத் தூக்கவே சீவன் இல்ல.

கேட்டீங்களா, மைக்குல என்ன சொல்லுதான்னு? நாப்பது நிமிஷம் தாமதமாம், சிரமத்துக்கு வருந்துகிறாளாம். அது டேப்பு. அது எங்க வருந்தப் போவுது? ஆனா ஒண்ணு சொல்லுதேன், இந்த நாப்பது நிமிஷத்தையும் இந்நேரம் யாரோ ஒருத்தர் தலையில எழுதிக்கிட்டு இருப்பாங்க. சும்மா சொல்லல. ரயில்வேயில நிமிஷம் அனாதையாக் கிடக்கக் கூடாது. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் ஒரு ஆளு வேணும்.

நான் இருபத்தாறு வருசம் கேட் கீப்பரா இருந்தவ. செல்லக்கனின்னா இந்த லைன்ல தெரியாத டிரைவர் கிடையாது. செங்கமடை ரோடு ஸ்டேஷனைத் தாண்டி ரெண்டு கிலோமீட்டர்ல என் கேட்டு. எங்க வீட்டுக்காரரு தண்டவாளம் பாக்குற கேங்மேனா இருந்து லைன்லயே போயிச் சேர்ந்தாரு. அதுக்குப் பதிலாத்தான் எனக்கு இந்தக் கேட்டு வேலையைக் குடுத்தாங்க. அஞ்சாவது வரைக்கும் படிச்சவளுக்கு அது போதாதா? கையெழுத்துப் போடுவேன், நம்பர் படிப்பேன், மணி பாப்பேன். மத்ததுக்கெல்லாம் காது இருக்கு.

என் காதைப் பத்திச் சொல்லணும். வண்டி அந்தப் பக்கம் ஆத்துப்பாலம் ஏறும்போதே எனக்குக் கேட்டுடும். தண்டவாளம் ஒரு மாதிரி முனகும். ஸ்டேஷன்ல இருந்து போன் அடிக்கும் முன்னாலயே நான் கேட்டுக் கைப்பிடியில கை வச்சிருப்பேன். ஸ்டேஷன் மாஸ்டர் வைகுண்டம் சார் கேப்பாரு, "என்ன செல்லக்கனி, நான் இன்னும் சொல்லவே இல்லையே?" "நீங்க சொல்லாட்டா என்ன சார், வண்டி சொல்லிட்டு"ம்பேன். அவரு சிரிப்பாரு. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்துச்சுன்னு வச்சுக்கிடுங்களேன்.

வேலை எப்படின்னா, போன் வந்ததும் கேட்டை இறக்கணும், பூட்டணும். பூட்டுனாத்தான் வண்டிக்குக் கைகாட்டி சிக்னல் இறங்கும். பூட்டலேன்னா வண்டி அங்கனயே நிக்கும், ஆபத்து கிடையாது. ஆனா நிக்குற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கேள்வி வரும். பெரிய ஊருல கண்ட்ரோல் ஆபீசுன்னு ஒண்ணு இருக்கு. அங்க இருந்து போன் போட்டு, "ஏன் நின்னுச்சு? யாரால நின்னுச்சு?"ன்னு குடைஞ்சு எடுத்துருவாங்க. எஞ்சின்காரங்க, சிக்னல்காரங்க, லைன்காரங்க, ஸ்டேஷன்காரங்கன்னு நாலு இலாகா, நாலு வீடு மாதிரி. மாசக் கடைசியில எந்த வீட்டுக்கு எத்தனை நிமிஷம்னு கூட்டிப் பாப்பாங்களாம். கூடப்போன வீட்டுப் பெரியவருக்கு மேல இருந்து வசவு. அவரு கீழ உள்ளவரை வைவாரு. அப்படியே எறங்கி எறங்கி, கடைசியில கேட்டுல நிக்குறவ தலையில வந்து விடியும்.

நான் லைன் வீட்டு ஆளு. வைகுண்டம் சார் ஸ்டேஷன் வீடு. சிரிச்சுப் பேசுவோம், ஆனா நிமிஷம்னு வந்துட்டா அவரு யாரோ நான் யாரோ.

அஞ்சாவதா ஒரு வீடு இருக்கு தாயி. அதுதான் வெளியாள் வீடு. மாடு குறுக்க வந்துச்சு, எவனோ சங்கிலியைப் புடிச்சு இழுத்துட்டான், மறியல் பண்ணுனாங்க, மழை பெஞ்சு மண்ணு சரிஞ்சுது. அந்தக் கட்டத்துல போட்டுட்டா ரயில்வேயில ஒருத்தருக்கும் தலைவலி கிடையாது. ஒரு நிமிஷம் கூடக்குறைய ஆச்சுன்னா எல்லாரும் மொதல்ல அந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க. தட்டுறதுக்கு அங்க கதவும் கிடையாது, கேக்க ஆளும் கிடையாது.

ஒரு வருசம் கார் நெல்லு அறுப்பு முடிஞ்ச சமயம். அறுத்த வயல்ல சிந்துன நெல்லு, நத்தை, புழு தின்ன வாத்து மேய்க்குறவங்க வருவாங்கல்லா? திண்டிவனம் பக்கத்துல இருந்து ஒரு புருசன் பொஞ்சாதி வந்தாங்க. அவன் ஏகாம்பரம். அவ பச்சையம்மா. நானூறு வாத்து. கேட்டுக்குக் கீழ்ப்பக்கம் வயல்ல வாத்தை அடைக்கப் பட்டி போட்டு, சாக்கும் பனையோலையுமா ஒரு குடிசை. அவன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையைக் கூடையில அடுக்கிக்கிட்டு டவுனுக்குப் போயிருவான். அவ தனியா மேய்ப்பா.

அவ பேச்சே வேற. "இன்னாக்கா, குந்திகினு இருக்கிற?"ம்பா. எனக்குச் சிரிப்பாணி பொத்துக்கிட்டு வரும். "என்னட்டி, குந்திகினுன்னா?"ம்பேன். "நீ சொல்ற இருக்கியளாவுக்கு இது தேவலக்கா"ம்பா. ஒரு கம்பு நுனியில பிளாஸ்டிக் பையைக் கட்டியிருப்பா. அதை ஒரு ஆட்டு ஆட்டி, நாக்கால டக்டக்குன்னு ஒரு சத்தம் குடுத்தா நானூறும் திரும்பும். என்னோட கேட்டுக்கே அத்தனை மரியாதை கிடையாது.

கெட்டிக்காரி. எழுத்து தெரியாது, ஆனா ஒரு தடவை பாத்தா மறக்க மாட்டா. நான் போன்ல நம்பர் சொல்லுறதைப் பாத்துட்டு, "இன்னாத்துக்குக்கா ஒவ்வொரு தபா ஒவ்வொரு நம்பர் சொல்ற?"ன்னா. "நான் கேட்டைப் பூட்டிட்டேன்னு ஸ்டேஷன்ல நம்பணும்லா, அதுக்குத்தான் இந்தத் தாள்ல உள்ள நம்பரு. ஒரு தடவை சொன்னதை மறு தடவை சொல்லக் கூடாது"ன்னேன். அதுக்கு அவ, "அப்போ உன் பேச்ச நம்ப மாட்டாங்க, நம்பரத்தான் நம்புவாங்க"ன்னா. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. நிசந்தான.

ஒரு மாசம் இருப்பாங்க. தெனமும் ரெண்டு முட்டை கொண்டாந்து கேட்டு ரூம் சன்னல்ல வச்சிட்டுப் போவா. நானும் மிச்சக் கொழம்பு இருந்தா குடுப்பேன். பழகிட்டோம். ஆளில்லாத காட்டுல ஒரு பொம்பளைக்கு இன்னொரு பொம்பளை தொணை. வேற என்ன?

இப்ப அந்தச் செவ்வாக்கிழமைக்கு வாரேன்.

காலையில எட்டு பத்துக்கு ஒரு எக்ஸ்பிரஸ். அது எட்டு பத்துக்கு வந்து மூணு மாசம் ஆவுது. தெனமும் எட்டரை, எட்டு முப்பத்தஞ்சுன்னுதான் வரும். அப்படி ஒரு பழக்கம் ஆயிப்போச்சு. செவ்வாயும் வெள்ளியும் நான் எண்ணெய் தேச்சுக் குளிக்குற ஆளு. கேட்டுல தண்ணி கிடையாது. மூணு வயல் தள்ளி ஒரு பம்புசெட்டு ஓடும். வண்டி வர நேரம் கிடக்கேன்னு எண்ணெயை வச்சுக்கிட்டுக் கெளம்பிட்டேன். கேட்டை விட்டுப் போகக் கூடாதுதான். தெரியும். யாரு போகாம இருந்தா? நீங்க சொல்லுங்க, தலைக்குக் குளிக்காம ஒரு பொம்பளை எத்தனை நாளு இருப்பா?

போறப்ப பச்சையம்மா ரோட்டுக்குக் கீழ நிக்கா. "ஏட்டி, போன் அடிச்சா ஒரு குரல் குடு"ன்னேன். "சரிக்கா"ன்னா.

அன்னைக்குப் பாத்து அந்தப் பாழாப்போன வண்டி சரியான நேரத்துக்கு வந்துட்டு.

சிரிக்காதீங்க தாயி. ஆமா, சிரிப்பாத்தான் இருக்கும். மூணு மாசம் லேட்டா வந்து என் மானத்தைக் காப்பாத்துன வண்டி, ஒரு நாள் நேரத்துக்கு வந்து என்னைக் கொன்னுச்சு.

போன் அடிச்சிருக்கு. அவ குரல் குடுத்திருக்கா. பம்புசெட்டு மோட்டார் சத்தத்துல எனக்குக் கேக்கல. என் காதுக்கே கேக்கலேன்னா பாத்துக்கிடுங்க. அவ போனை எடுக்கல. ரயில்வே போனைத் தொட்டா ஜெயிலுன்னு நான்தான் ஒரு நாள் மிரட்டி வச்சிருந்தேன். அதனால வாத்தை அப்படியே விட்டுட்டு மூணு வயலையும் தாண்டி ஓடி வந்தா. வந்து மூச்சு வாங்க நிக்கா. "அக்கா, போன் அடிச்சுக்கினே கீது, சீக்கிரம் வா."

நான் ஒடனே ஓடி வந்துட்டேன்.

ஒடனேன்னா... தலை நெறய சீயக்காய் தாயி. கண்ணுல எரியுது. அலசாம எப்படி வர? அந்த வண்டி எப்படியும் எட்டரைக்குத்தான்னு நெனச்சேன். "இந்தா வாரேன், நீ போ"ன்னேன். அவ போகல. "பெரிய வண்டி ஊதுது அக்கா, எனக்கே கேக்குது"ன்னா. ஈரச்சேலையோட ரோட்டுல போக முடியுமா? மாத்திக் கட்டிக்கிட்டு, அப்புறம் ஓடினேன். அவ்வளவுதான் நேரம். மணி யாரு பாத்தா?

வந்து பாத்தா, கேட்டுக்கு நடுவுல பூராவும் வாத்து. மேய்க்குறவ ஓடினா வாத்து சும்மா நிக்குமா, அதுவும் பின்னால ரோட்டுக்கு ஏறியிருக்கு. கேட்டுக்குள்ள தண்டவாள இடுக்குல முந்தின நாள் டிராக்டர்ல சிந்துன நெல்லு கிடந்துச்சு. விடுமா? அங்க ஒரு கல்யாணப் பந்தி நடக்கு. தூரத்துல சிக்னல்ல வண்டி நின்னு ஊளை விடுது. பச்சையம்மா கம்பை ஆட்டி டக்டக்குன்னா, எல்லாம் எறங்கிப் போச்சு. நான் கேட்டை இறக்கினேன், பூட்டினேன், நம்பர் சொன்னேன். வைகுண்டம் சார் நம்பரை மட்டும் திருப்பிச் சொன்னாரு. வண்டி என்னைக் கடந்து போச்சு. டிரைவர் எட்டிப் பாத்து என்னமோ வைதான். காத்துல பாதி போயிட்டு.

பதினேழு நிமிஷம் நின்னுச்சாம்.

ஒரு மணி நேரத்துல மூணு வீட்டு ஆளுங்களும் வந்துட்டாங்க. எங்க லைன் இன்ஸ்பெக்டர் தேவசகாயம் சார், சிக்னல் இன்ஸ்பெக்டர் ஒருத்தரு, வைகுண்டம் சார். மூணு பேரும் சேந்து பாத்து, சேந்து எழுதி, ஒரே தாள்ல மூணு பேரும் கையெழுத்துப் போடணும். அதுக்கு ஜாயின்ட் நோட்டுன்னு பேரு. அந்தத் தாள் போயித்தான் பதினேழு யாருதுன்னு முடிவாகும்.

தேவசகாயம் சார் என்னைத் தனியா இழுத்து, "ஏற்கெனவே ஒரு மெமோ இருக்கு உன் பேர்ல. இது ரெண்டாவதாச்சுன்னா வேலை போவும், ரயில்வே குடுத்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவான். வாயைத் தெறக்காதே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு"ன்னாரு. என் மக அப்ப பத்தாவது படிக்கா.

சிக்னல்காரரு கைப்பிடியைச் சுத்திப் பாத்தாரு, பூட்டைப் பாத்தாரு. "என் சாமான் எல்லாம் சரியா இருக்கு"ன்னாரு. வைகுண்டம் சார், "நான் எட்டு ரெண்டுல இருந்து போன் அடிச்சுக்கிட்டே இருக்கேன், எழுதி வச்சிருக்கேன்"ன்னாரு. அப்ப மிச்சம் லைன் வீடு. லைன் வீட்டுல மிச்சம் நான்.

சிக்னல்காரரு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "தலை ஏம்மா இப்படி ஈரமா இருக்கு?"ன்னு கேட்டாரு.

அப்பப் பின்னால இருந்து ஒரு குரல். "நான்தான் சார் தண்ணி ஊத்துனன். இந்த வாத்த தொரத்தித் தொரத்தி அக்காவுக்கு மயக்கமா வந்துட்ச்சி. விழுந்துடப் போறாங்கன்னு ஒரு கொடம் தலையில ஊத்துனன்."

பச்சையம்மா. பத்தடி தள்ளிக் கம்பை ஊனிக்கிட்டு நிக்கா. மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல. தேவசகாயம் சாருக்குக் கண்ணு ரெண்டும் விரிஞ்சுட்டு. "வாத்தா?"ன்னாரு. "வாத்து கேட்டுக்குள்ள நின்னுதா?"

அவ எனக்காகத் தெறந்த வழி தாயி அது. மூணு பேரும் அதுக்குள்ளதான் புகுந்தாங்க.

"செல்லக்கனி, நீ பாத்தப்போ கேட்டுக்குள்ள வாத்து நின்னுதா இல்லையா?"ன்னு தேவசகாயம் சார் கேட்டாரு.

"நின்னுது சார்." நின்னுதுதான. பொய்யா?

"வாத்து நிக்கும்போது கேட்டை எறக்க முடியுமா?"

"முடியாது சார்." அதுவும் நிசந்தான்.

"எத்தனை நேரம் மறிச்சுது?"

நான் அவளைப் பாத்தேன். அவ என்னைப் பாத்தா. சொல்லு, எதையாவது சொல்லித் தப்பிச்சுக்கோங்குற மாதிரிதான் பாத்தா. கடைசி வரைக்கும் அவ அப்படித்தான் பாத்தா, அதை நான் மறைக்கல.

"பூராவும் சார்"ன்னேன்.

அது ஒரு வார்த்தைதான். மத்தது எல்லாம் அவங்க கேட்டது, அவங்க எழுதுனது.

அப்புறம் ஒரு மணி நேரம் சண்டை. எதுக்குன்னு நெனைக்கீங்க? எந்தக் கட்டத்துல எழுதன்னு. வைகுண்டம் சார், "மாடுகன்னு கட்டத்துல போட்டுருவோம்"ன்னாரு. சிக்னல்காரரு, "அதுல மாடு, எருமை, ஆடு இருக்கு. ஒருக்க யானைன்னு கூட எழுதியிருக்கோம். வாத்து இல்லையே"ன்னாரு. "பறவைன்னு தனியா எழுதினா?"ன்னாரு எங்க சார். "எழுதுமே, மேல உள்ளவன் கேப்பான், வண்டி ஊதினா வாத்து பறந்து போகாதாயான்னு. நீரு போயி பதில் சொல்லும்"ன்னாரு சிக்னல்காரரு. வைகுண்டம் சாருக்கே சிரிப்பு வந்துட்டு. மூணு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் தாயி. பச்சையம்மாவும் தள்ளி நின்னு சிரிச்சா, தன் வாத்தைப் பத்திப் பேசுறாங்கன்னு.

கடைசியில, "பொதுஜனம், அத்துமீறல்"னு ஒரு கட்டம் கண்டுபுடிச்சாங்க. அதுல போட்டா ஒரு கேள்வியும் வராதாம். ஆனா அந்தக் கட்டத்துக்கு ஒரு பேரு வேணும். வாத்து பேரைப் போட முடியாதுல்லா? சொந்தக்காரன் பேரு யாருன்னாங்க. அவளே சொன்னா, "ஏகாம்பரம் சார்"னு. பேப்பர்ல தன் புருசன் பேரு ஏறுதேன்னு கொஞ்சம் பெருமையாக்கூடச் சொன்னா. மூணு பேரும் கையெழுத்துப் போட்டாங்க. கீழ நானும் சாட்சியாப் போட்டேன்.

அவன் அன்னைக்கு அங்கயே கிடையாது. டவுன்ல முட்டை வித்துக்கிட்டு இருந்தான்.

மூணாம் நாள் ரயில்வே போலீஸ் ரெண்டு பேரு வந்து அவனைக் கூட்டிட்டுப் போனாங்க. அவன் என்னையும் பாக்கான், அவளையும் பாக்கான். "நான் இன்னா சார் பண்ணன்?"கான். கோர்ட்டுல நிறுத்தி, அபராதம் கட்டு, இல்லேன்னா உள்ள இருன்னுட்டாங்க. நல்ல நல்ல பொட்டை வாத்தா நூத்துச் சொச்சம் பிடிச்சு வித்துத்தான் அவனை வெளியில கொண்டாந்தா. அதோட விடல. வயக்காரங்க, "ரயில்வே கேசு உள்ள ஆளு, நமக்கு எதுக்கு வம்பு? பட்டியைப் பிரிச்சுக்கிட்டுக் கெளம்புங்க"ன்னுட்டாங்க. ஊரு பூரா அறுத்த வயல் காலியாக் கிடக்கு. அவங்க வாத்து கால் வைக்க ஒரு வரப்பு கிடையாது.

நான் ஒண்ணுமே செய்யலேன்னு நெனைக்காதீங்க. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டேஷனுக்கே நடந்து போனேன், சொல்லிடுவோம்னுதான். வைகுண்டம் சார் மேசையில ஏதோ எழுதிக்கிட்டு இருந்தாரு. "என்ன செல்லக்கனி?"

"சார், அந்தப் பதினேழு..."

அவரு பேனாவை மூடினாரு. கோவமா இல்ல, மெதுவாத்தான் சொன்னாரு. "அது வெளியாள் கணக்குல போயாச்சு. மாசமும் கூட்டியாச்சு. இப்ப நீ வந்து என்னத்தையாவது சொன்னேன்னு வையி, உனக்கு ஒரு மெமோ, தேவசகாயத்துக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. அவனுக்குக் கட்டுன அபராதம் திரும்பியா வரும்? என்ன விஷயமா வந்தே?"

"நம்பர் தாள் தீரப்போவுது சார்"ன்னேன்.

ஒரு புதுத் தாள் குடுத்தாரு. வாங்கிட்டு வந்துட்டேன். பழைய தாள்ல பாதி நம்பர் அப்படியே கிடந்துச்சு.

அவ என்னை ஒரு சொல்லு வையல தாயி. வைதிருந்தா நானும் ரெண்டு வைதிருப்பேன், அதோட போயிருக்கும். மறுநாளும் கேட்டுக்கு வந்தா. சன்னல்ல முட்டை வைக்கல. அவ்வளவுதான் வித்தியாசம். கீழ உக்காந்துக்கிட்டுக் கேட்டா.

"அக்கா, கோர்ட்ல அந்த ஐயா, பதினேழு நிமிஷம் ரயில நிறுத்தினியான்னு கேட்டாராம். எங்க ஊட்டுக்காரருக்கு மணியே பாக்கத் தெரியாது. ஆமாங்கன்னு சொல்லிட்டாராம். பதினேழு நிமிஷம்னா எம்மாம் நேரம்க்கா?"

"அது... ஒரு ஒலை அரிசி வேகுற நேரம்"ன்னேன்.

"சோறு ஆவுற நேரமா?" அவ திரும்பி வாத்தைப் பாத்தா. "அவ்ளோ நேரமா என் வாத்து நெல்லு தின்னுச்சு?"ன்னா. நான் கேட்டுப் பூட்டுக்கு எண்ணெய் போடப் போயிட்டேன். பூட்டு நல்லாத்தான் இருந்துச்சு.

ரெண்டு நாள் கழிச்சுப் பட்டியைப் பிரிச்சுட்டாங்க. ஏகாம்பரம் சட்டி பானையைச் சைக்கிள்ல கட்டிக்கிட்டு முன்னால போயிட்டான். என் பக்கம் அவன் திரும்பல. காலையில பத்து மணி இருக்கும். பச்சையம்மா மிச்ச வாத்தை ஓட்டிக்கிட்டு கேட்டுக்கு வந்தா. கேட்டு தெறந்துதான் கிடக்கு. ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. அவ கடக்கல. கம்பைக் குறுக்க நீட்டி வாத்தை மறிச்சுக்கிட்டு நின்னா.

"என்னட்டி, போக வேண்டியதுதான?"ன்னேன்.

"ஸ்டேஷனுக்குப் போன் போடுக்கா. நான் கடக்கலாமான்னு கேளு."

"வண்டி ஒண்ணும் இப்ப இல்லட்டி."

"கேளு."

அந்தக் குரலை நான் அதுக்கு முன்னால கேட்டது இல்ல. போன் போட்டேன். "சார், வாத்துக்காரி கேட்டைக் கடக்கணுங்கா, கடக்கலாமான்னு கேக்கா"ன்னேன். வைகுண்டம் சார், "பதினொண்ணரை வரைக்கும் ஒண்ணும் இல்ல, போகச் சொல்லு"ன்னுட்டு வச்சிட்டாரு.

"மணி பாருக்கா."

பாத்தேன். பத்து பன்னெண்டு.

அவ வாத்தைக் கேட்டுக்குள்ள விட்டா. விட்டவ நேர ஓட்டிட்டுப் போகல. மடியில இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து அவிழ்த்தா. நெல்லு. நாலு கையி நெல்லை எடுத்துத் தண்டவாள இடுக்குல விசிறினா. வாத்து பூராவும் குனிஞ்சுட்டு. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, சலசலன்னு, அன்னைக்கு இருந்த மாதிரியே. அதுகளைத் தின்ன விட்டா. அவசரப்படல. ஒரு நெல்மணி மிச்சம் இல்லாமப் பொறுக்கி முடிச்சுதுக. அப்புறந்தான் கம்பை ஆட்டி டக்டக்குன்னா. எல்லாம் அந்தப் பக்கம் எறங்கிட்டு.

"இப்பப் பாரு."

கடிகாரம் பொய் சொல்லாதுல்லா தாயி. பத்து பதினாறு.

"எத்தினி?"

"நாலு"ன்னேன்.

"நூறு வாத்து கொறச்சல்தான் இப்போ. அதுக்கு ஒண்ணு கூட்டிக்கலாம். வேணாம்?"

அவ உள்ள வந்தா. அதுவரைக்கும் ஒரு நாளும் கேட்டு ரூமுக்குள்ள கால் வச்சவ இல்ல, வாசல்லயே நிப்பா. மேசையில கேட்டு ரிஜிஸ்தர் கிடந்துச்சு. அது ஒவ்வொரு மாசமும் இன்ஸ்பெக்டர் வந்து பாக்குற புஸ்தகம். "எழுது"ன்னா. "இன்னிக்கித் தேதி. வாத்து எந்நேரம் பூந்துச்சு, எந்நேரம் போச்சு. கூட்டி நாலுன்னு எழுது."

எழுதினேன். நாலு கோணலாப் போச்சு. அவ குனிஞ்சு பாத்தா. "நாலு எனக்குத் தெரியும்"ன்னா.

மேசையில நீல மைப்பொட்டி இருந்துச்சு. அதைத் தானே தெறந்து, கட்டைவிரலை அழுத்தி, அந்த நாலுக்குப் பக்கத்துல வச்சா. பொட்டு மாதிரி அழகா விழுந்துச்சு. அப்புறம் பேனாவை எடுத்து என் கையில குடுத்தா.

"அன்னிக்கி மூணு பேரு சேந்து போட்டாங்க இல்ல? இப்போ நாம ரெண்டு பேரு சேந்து போடலாம்க்கா."

நான் கையெழுத்துப் போடுற வரைக்கும் நின்னா. செ, ல், ல, க், க, னி, ஒவ்வொரு எழுத்தையும் பாத்தா. முடிச்சதும் என் முந்தானையைப் புடிச்சு இழுத்து, கட்டைவிரல் மையை அதுல அழுத்தித் தொடச்சா. கம்பை எடுத்துக்கிட்டா. வாத்து பின்னால போயிட்டா.